அளவுக்குச்சி

என் சாக்குக் கடைக்கும் ஜெபமணியின் ஏலக்காய்க் கடைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நான் முகத்தைத் துடைத்துக்கொள்வேன். ஜக்கையன் ஒட்டுக் கேட்கிறான் என்று போடி பஜாரில் சிலர் சொல்வதுண்டு. ஒட்டுக் கேட்கிற அவசியமே எனக்கு இருந்ததில்லை. அந்த வீட்டில் யாரும் மெதுவாகப் பேசிப் பழகியவர்கள் இல்லை. ஷீலா செத்த பிறகுதான் அங்கே சத்தம் குறைந்தது.

ஷீலா ஜெபமணிக்கும் கிருபாராணிக்கும் ஒரே மகள். மதுரையில் நர்ஸ் படிப்பை முடிக்கிற வருசம். லீவுக்கு வந்தவள், ரெண்டு நாளாவது மலைக்காற்று படட்டும் என்று குரங்கணிக்கு மேலே இருந்த ஏலத்தோட்டத்துக்கு அம்மாவோடு போனாள். குத்தகைத் தோட்டம். தோட்டத்தைக் கிருபாராணி பார்த்துக்கொள்வாள், கடையை ஜெபமணி பார்த்துக்கொள்வான். காய் எடுக்கிற காலத்தில் விடிந்ததும் ராசிங்காபுரத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்பு மேலே போகும். சாயங்காலம் அவர்களோடு பச்சைக்காய் மூட்டைகளும் சேர்ந்து கீழே வரும். ஜீப்பு ஜெபமணியுடையது. ஓட்டியது ஜான். கிருபாராணியின் கூடப் பிறந்த தம்பி, ஷீலாவுக்குத் தாய்மாமன்.

அது ஐப்பசி அடைமழை. இறக்கத்தில் வந்த ஜீப்பு, வளைவில் திரும்பாமல் நேராகப் போய்ப் பள்ளத்தில் உருண்டது. காய் எடுக்க வந்த கருத்தம்மாளுக்கு இடுப்பு ஒடிந்தது. மற்றவர்களுக்குக் கையும் காலும். பின்னால் மூட்டை மேல் உட்கார்ந்து அந்தப் பெண்களோடு கதை பேசிக்கொண்டு வந்த ஷீலா மட்டும் செத்துப்போனாள். மாமன் தோளில் உட்கார்ந்து பஜாரைச் சுற்றிய பிள்ளை அவள். பெட்டிக்குள் வைத்ததை நான் எட்டிப் பார்க்கவில்லை. எனக்குத் தெம்பில்லை.

பிரேக்கு பிடிக்கவில்லை என்று ஜீப்பில் வந்த பெண்கள் எல்லாரும் போலீசில் ஒரே மாதிரி சொன்னார்கள். பிடிக்கவில்லை என்பது நிஜம். ஏன் பிடிக்கவில்லை என்பதுதான் கேள்வி. மலை இறக்கத்தில் இஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் தள்ளி, வண்டியை அதன் கனத்திலேயே உருளவிடுவது எங்கள் பக்கத்து டிரைவர்களின் பழக்கம். டீசல் மிச்சம் ஆகும். ஆனால் கியர் இழுத்துப் பிடிக்காத வண்டியின் கனம் முழுக்கப் பிரேக்கின் தலையில் விழும். சூடேறிவிட்டால் எத்தனை மிதித்தாலும் வண்டி நிற்காது. ஜான் அன்றைக்கு அப்படி உருட்டினானா? வண்டி நசுங்கிக் கிடந்த கிடையில் கியரைப் பார்த்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பார்த்திருந்தால் முன் சீட்டில் இருந்தவர்தான் பார்த்திருக்க வேண்டும். முன் சீட்டில் இருந்தது கிருபாராணி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துப் போலீஸ் கேட்டபோது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கேஸ் இழுத்து இழுத்து, இரண்டு வருசம் கழித்து அவளுக்குச் சாட்சிச் சம்மன் வந்தது.

அன்றைக்கு ஜெபமணி என் கடைக்கு வந்து சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்தான்.

"சம்மன் வந்துருச்சுண்ணே."

"ராணி என்னப்பா சொல்லுது?"

"என்னத்தச் சொல்லுவா? நடந்ததச் சொல்லணும். அவன் நியூட்ரல்ல போட்டு உருட்டித்தான் எம்பிள்ளையக் கொன்னான். எனக்குத் தெரியும். அத அவ வாயால கோர்ட்டுல சொல்லணும். அம்புட்டுதான்."

"கூடப் பெறந்த தம்பியாச்சே."

"எனக்கும் மச்சினந்தான். நான் தூக்கி விட்ட பயதான். அதுக்காக?"

"இல்ல, ஒங்க சாமி மன்னிக்கிற சாமியாச்சேன்னு கேக்குறேன்."

எங்கள் குலசாமிக்கு இந்தச் சிக்கல் கிடையாது. தப்புச் செய்தவனை அந்த வாரத்திலேயே வயிற்றால் போக வைத்துவிட்டு, கெடா வெட்டினால் சமாதானமாகிவிடும். ஜெபமணியின் சாமி அப்படி இல்லை. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவன் சாக்குக் கட்டை விட்டு எழுந்துவிடுவான்.

"மன்னிக்கவுஞ் செய்யும், நியாயந்தீக்கவுஞ் செய்யும். ரெண்டுல ஒண்ணு இல்லாட்டி அது சாமியே இல்லண்ணே. வாறவன் போறவனையெல்லாம் மன்னிச்சுக்கிட்டே இருந்தா, செத்தவளுக்காக யாரு கேக்குறது? அவளும் அந்தச் சாமியோட பிள்ளதான?"

"அது சரி."

"கோயில்ல எல்லாருஞ் சேந்து சொல்ற ஜெபம் ஒண்ணு இருக்கு. எங்களுக்குத் தப்புப் பண்ணவங்கள நாங்க மன்னிக்கிறோம், அதே மாதிரி எங்களையும் மன்னிச்சுக்கிரும்னு அதுல ஒரு எடம் வரும். பிள்ளைய அடக்கம் பண்ணதுலருந்து அந்த எடம் வந்தா வாய மூடிக்கிர்றேன். மொதப் பாதியே வராதப்ப பொய் எதுக்குச் சொல்லணும்? அது தாண்டுனப்பறந்தான் வாயத் தொறக்குறது. கோயில்ல குடுக்குற இராப்போஜன அப்பமும் எடுக்குறதில்ல. பாஸ்டரு கேட்டாரு. எனக்கு அருகதை இல்லைன்னு சொல்லிட்டேன்."

ஜெபமணி அப்படித்தான். தராசில் ஒரு காய் கூட விட்டுத்தர மாட்டான், அடுத்தவனுடைய ஒரு காயையும் எடுக்க மாட்டான். டீசலிலும் இதே கறார்தான். தராசுக்குப் பின்னால் ஆணியில் ஒரு காப்பிச்செடிக் குச்சி தொங்கும், கத்தியால் கோடு கோடாகக் கீறியது. சாயங்காலம் ஜீப்பு வந்து நின்றதும் அந்தக் குச்சியை டேங்கில் விட்டு எடுத்து, ஈரம் எந்தக் கோடு வரை நிற்கிறது என்று பார்ப்பான். நினைத்த கோட்டுக்கு மேலே இருந்தால், "பரவால்லடா மாப்ளே, வண்டி ஓட்டத் தெரிஞ்சவன்" என்பான். இறங்கியிருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டான். குச்சியை ஜான் முகத்துக்கு நேரே ஒரு தடவை காட்டிவிட்டுக் கொண்டுபோய் ஆணியில் மாட்டுவான். பஜாரே பார்த்துச் சிரிக்கும். ஜீப்பு போன பிறகும் அந்தக் குச்சி அங்கேயேதான் தொங்கியது. அதை யாரும் கவனிக்கவில்லை.

கோர்ட்டுக்கு முந்தின நாள் மத்தியானம், மழையோடு மழையாகக் கருத்தம்மாள் பஸ்சு ஏறி வந்தாள். ஊன்றுகம்பு ஒரு கையில், முருங்கைக்கீரைக் கட்டு மறு கையில். கடைக்குப் பின்னால்தான் வீடு. கிருபாராணி அவளை உட்காரவைத்து, கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். நான் இந்தப் பக்கம் சாக்கு தைத்துக்கொண்டிருந்தேன்.

"இந்த மழைல எதுக்கு வந்த, கருத்தம்மா?"

"சோலியாத்தேன் வந்தேன் ஆத்தா. நாளைக்குக் கோர்ட்டாம்ல?"

"ஆமா. இன்னுங் கொஞ்சம் கொழம்பு ஊத்திக்க."

"ஊத்து. நாங்க அம்புட்டுப் பேரும் பிரேக்கு பிடிக்கலன்னு சொல்லிட்டோம். நீயும் அதையே சொல்லிரு. அந்தப் பய நல்ல பய. நான் இடுப்பொடிஞ்சு கெடந்தப்ப எனக்குப் பீ மூத்திரம் அள்ளுனது அவந்தேன். எம்மகன் எட்டிக்கூடப் பாக்கல."

"தெரியும்."

"தெரிஞ்சா சொல்லிர வேண்டியதான? காயெடுக்கும்போது நீதான சொல்லுவ, எங்க சாமி மன்னிக்கிற சாமின்னு. நான் கேட்டுக்கிட்டே எத்தன கூடை எடுத்துருக்கேன்."

"நானும் அவன மன்னிக்கணும்னுதான் பாக்குறேன்."

"அப்பறமென்ன?"

"பிரேக்கு மேலதான் தப்புன்னு சொல்லிட்டா, நான் பிரேக்கையில்ல மன்னிக்கணும்? அவன் ஒண்ணுமே பண்ணலன்னு ஆயிருமே. ஒண்ணும் பண்ணாதவன எப்பிடி மன்னிக்கிறது? பண்ணான்னு சொன்னாத்தான், பண்ணதுக்குத்தான், மன்னிக்க முடியும்."

கருத்தம்மாள் தட்டை நகர்த்தி வைக்கிற சத்தம் கேட்டது.

"எனக்கு இதெல்லாம் வெளங்கல ஆத்தா. அவன் செயிலுக்குப் போயிட்டா அவன் பொண்டாட்டி, அந்தப் பவித்ராப் பிள்ள என்ன பண்ணும்? கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு?"

"இங்க வந்து இருக்கட்டும். ஷீலா ரூமு சும்மாதான கெடக்கு."

"மொதலாளி விடுவாரா?"

"விடணும்."

கடையில் ஜெபமணி ஆட்டிக்கொண்டிருந்த சல்லடையின் சத்தம் நின்றது. "பொய் சொல்லாட்டிச் சரிதான்" என்றான் அங்கிருந்தே.

"பொய் சொல்லல. நடந்தத முழுசாச் சொல்லப்போறேன்" என்றாள் கிருபாராணி. "ஒண்ணு விடாம."

"அதான் வேணும்."

சல்லடை மறுபடியும் ஆட ஆரம்பித்தது.

சாயங்காலம் மழை விட்டதும் ஜான் வந்தான், என் கடைக்கு. அந்தச் சாவுக்குப் பிறகு அவன் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. பஜாரில் லோடு ஏற்றி இறக்கினான். தோள்பட்டை காய்த்துப்போயிருந்தது. அக்கா வீட்டு வாசலை மிதிக்க மாட்டான். தெருவின் அந்த ஓரமாகவே போய்விடுவான்.

"அண்ணே, அக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. எனக்காகப் பொய் சொல்ல வேணாம்."

"செவுத்துக்கு அங்கிட்டுத்தான இருக்கு. நீயே சொல்லு."

"மச்சான் மூஞ்சில முழிக்க முடியாதுண்ணே."

எனக்குக் கோபம் வந்தது. "அம்புட்டு ரோசக்காரன் அன்னைக்கே போலீசுல ஒத்துக்கிட்டுருக்கணும்டா. ஒங்கக்கா தலைல எதுக்குக் கொண்டுபோய் வச்ச?"

"பயந்துட்டேண்ணே. வக்கீலு சொன்னாரு, பவித்ரா கால்ல விழுந்தா. பிள்ளையக் கொன்னதும் நாந்தான், பயந்துக்கிட்டுப் பிரேக்குன்னு சொன்னதும் நாந்தான்."

"எதுக்குடா உருட்டுன? மழைல, அத்தன ஆள வச்சுக்கிட்டு?"

அவன் ஜெபமணி கடைப் பக்கத்துச் சுவரைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "எல்லாரும் உருட்டுறதுதானண்ணே" என்றான்.

டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் ஆறவைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் நானும் கோர்ட்டுக்குப் போனேன். கிருபாராணி மூன்று பொட்டலம் புளிச்சோறு கட்டி எடுத்து வந்திருந்தாள். யாருக்கு மூன்று என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. ஜெபமணி வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. கோயிலுக்குப் போகிற உடுப்பு.

கூண்டில் ஏறியதும் சர்க்கார் வக்கீல் கேட்டதற்கு அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். இறக்கம் ஆரம்பிக்கிற இடத்தில் தம்பி இஞ்சினை அணைத்தான். கியரை நியூட்ரலில் தள்ளினான். கொஞ்ச தூரம் வந்த பிறகு பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்தான். "அக்கா, பிடிக்கல" என்றான். அதற்குப் பிறகு தனக்கு நினைவில்லை.

ஜெபமணி கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான். இரண்டு வருசமாக அவன் கேட்கக் காத்திருந்தது இதைத்தான்.

ஜான் தரப்பு வக்கீல் எழுந்தார். இளவயது, துடிப்பான ஆள்.

"ஏம்மா, டீசல் உங்க வீட்டுக்காரர் போடுறது. மிச்சமானா அவருக்குத்தான் மிச்சம். உங்க தம்பிக்கு அதுல ஒரு பைசா லாபம் இல்ல. அவர் எதுக்காக நியூட்ரல்ல ஓட்டணும்? நீங்க மகளைப் பறிகொடுத்த கோபத்துல சொல்றீங்க."

"கோவத்துல சொல்லலங்கய்யா. அவனுக்கு லாபம் இல்லதான்."

"அப்ப எதுக்காக?"

கிருபாராணி ஜெபமணியைப் பார்த்தாள். அவளுக்கு இதைச் சொல்வது தம்பியைப் பற்றிச் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது என்பது எனக்கு அவள் கழுத்து நரம்பிலேயே தெரிந்தது.

"எங்க வீட்டுக்காரரு சாயங்காலமானா டேங்குல குச்சிய விட்டுப் பாப்பாரு. டீசலு கொறஞ்சுருந்தா, பஜாரு பாக்க அந்தக் குச்சிய இவன் மூஞ்சிக்கு நேராக் காட்டுவாரு. இவன் தலையக் குனிஞ்சு நிப்பான். அதுக்குப் பயந்துதான் உருட்டுவான். அன்னைக்கு மட்டுமில்ல, தெனமும் உருட்டுவான். நான் தெனமும் முன் சீட்டுல உக்காந்து பாத்துக்கிட்டுத்தான் வந்தேன். வேணாண்டான்னு ஒரு நாளும் சொல்லல. குச்சில ஈரம் நின்னா அன்னைக்கு வீட்டுல சண்ட இருக்காதேன்னு எனக்கும் நிம்மதியா இருக்கும்."

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஆனா அன்னைக்கு வண்டி ஓட்டினது அவர்தானே?" என்றார்.

"ஆமாங்கய்யா. ஓட்டுனது அவந்தான்."

சட்டத்துக்கு அது போதும். குச்சி பிடித்த கைக்கு அதில் தண்டனை கிடையாது, முன் சீட்டில் வாய்மூடி இருந்தவளுக்கும் கிடையாது. நான் ஜெபமணியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் தன் வலது கையை மடியில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தீர்ப்பு வேறொரு நாள் வந்தது. ஒரு வருசம். அப்பீல் போடலாம், உடனே ஜாமீன் வாங்கிவிடலாம் என்று வக்கீல் ஜானின் காதில் ஓதினார். "வேணாம் சார், போய்ட்டு வந்துர்றேன்" என்றான் ஜான். பவித்ரா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதாள். கிருபாராணி அவள் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றாள். அன்றைக்கும் சோற்றுப் பொட்டலம் கட்டி வந்திருந்தாள். அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஜெபமணி வராந்தாவில் இறங்கி நடந்தான். ஜான் போலீஸ்காரருக்குப் பக்கத்தில் நின்றான்.

"மாப்ளே."

இரண்டு வருசத்துக்குப் பிறகு அவன் வாயில் அந்த வார்த்தை வந்தது. பொட்டலத்தை நீட்டினான்.

ஜான் வாங்கிக்கொண்டான். "மச்சான், அக்கா சொன்னத மனசுல வச்சுக்கிறாதீக. நீங்க குச்சியத்தான் காட்டுனீக. நியூட்ரல்ல போட்டது நாந்தான்."

"நேரமாச்சு, வெரசா வாப்பா" என்றார் போலீஸ்காரர்.

அவனை மதுரை ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். குடிக்கத் தண்ணீர் தேடுவதுபோலப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டேன்.

அதன் பிறகு ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. தம்பியைக் காட்டிக்கொடுத்தவள் என்று கோயில் வாசலிலேயே சிலர் கிருபாராணி காதுபடச் சொன்னார்கள். புருசனையும் சேர்த்துச் சந்தி சிரிக்க வைத்துவிட்டாள் என்றார்கள் வேறு சிலர். அவள் பவித்ராவைக் கூட்டி வந்து ஷீலாவின் அறையில் வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடியும் ஒரு பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. ஜெபமணி அவளோடு சண்டை போடுவான் என்று நான் காத்திருந்தேன். போடவில்லை. வேளைக்குச் சாப்பிட்டான், காய் நிறுத்தான், சல்லடை ஆட்டினான். குச்சியை ஒடித்து அடுப்பில் போடுவான் என்றுகூட நினைத்தேன். அதையும் செய்யவில்லை. வியாபாரிகள் சிலர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவனும் அது தெரிந்தே அதை விட்டுவைத்திருந்தான்.

அந்த வருசம் அவர்கள் கோயில் அறுப்புப் பண்டிகைக்கு நானும் போனேன். சாமி கும்பிட இல்லை. விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து படைத்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். சேவல், பூசணி, கரும்பு, வாழைத்தார் என்று நல்ல சாமானாக இருக்கும். எல்லாச் சாதி ஆளும் வருவார்கள். ஜெபமணி புது ஏலக்காய் ஒரு பை வைத்திருந்தான். மழை வாடையை மீறி அதுதான் மணத்தது. நான் ஆண்கள் பக்கத்துக் கடைசிக் கதவோரம் நின்றுகொண்டேன். அவன் எனக்கு முன்வரிசை.

எல்லாரும் எழுந்து அந்த ஜெபத்தைச் சொன்னார்கள். அவன் சொன்ன இடம் வந்தது. வாயை மூடிக்கொள்வான் என்று நான் பார்த்தேன். மூடவில்லை. பிறரை மன்னிக்கிறோம் என்கிற பாதியைச் சத்தமாகச் சொன்னான், அவன் குரல் தனியாகவே எனக்குக் கேட்டது. சந்தோசமாக இருந்தது. அடுத்த பாதிக்குப் போகும்போது அந்தக் குரல் நின்றுவிட்டது. கூட்டம் சொல்லிக்கொண்டே போனது, அவன் நின்றுகொண்டிருந்தான்.

ஆராதனை முடிந்து வெளியே பந்தலில் ஏலம் ஆரம்பித்தார்கள். வாழைத்தார் ஒன்றை ஜெபமணி கேட்டு எடுத்தான். விலையைப் பற்றி ஒன்றும் பேசாமலே எடுத்துவிட்டாயே என்று நான் கேலி செய்தேன்.

"அவனுக்குண்ணே. நாளைக்கு மதுரைக்குப் போறோம். உள்ள விடுவாங்களோ என்னமோ, விடாட்டி வாசல்ல நிக்கிற சனத்துக்குக் குடுத்துருவோம்."

"ஜெபத்துல மொதப் பாதியச் சொல்லிட்டயேப்பா. கேட்டேன்."

"ஆமாண்ணே. அது வந்துருச்சு."

"அப்பறம் ஏன் நிப்பாட்டிட்ட?"

அவன் வாழைத்தாரைத் தோளுக்கு ஏற்றாமல் தரையிலேயே நிறுத்திப் பிடித்துக்கொண்டான்.

"மன்னிச்சுக்கிரும்னு எனக்காகக் கேக்குற பாதிண்ணே அது. வாயில வரமாட்டேங்குது. அவன் உள்ள இருக்கான், எனக்குஞ் சேத்துத்தான் இருக்கான். நான் வெளிய நின்னுக்கிட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்குறது? நியாயம் வேணும் நியாயம் வேணும்னு ரெண்டு வருசமாக் கேட்டவன் நான். இப்ப மாத்திக் கேக்க நாக்கு திரும்ப மாட்டேங்குது."

"ராணிகிட்டச் சொன்னியா?" என்றேன்.

"நேத்துச் சொன்னேன்."

"என்ன சொல்லுச்சு?"

பந்தலின் அந்தப் பக்கம் கிருபாராணி பவித்ராவின் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஏலத்துக்கு வந்த சேவலைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஜெபமணி அவளைப் பார்த்தபடியே சொன்னான்.

"'வராட்டி விடுங்க, வாறப்ப வரட்டும். நீங்க சொல்லாத பாதிய ஒங்களுக்குஞ் சேத்து நாந்தான சொல்லிக்கிட்டுருக்கேன், பிள்ளைய அடக்கம் பண்ணதுலருந்து'ன்னா."